தாளின் பின்பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தபால் துறையிலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகிறது. காலையில் எழுந்ததும் போனில் 'தினம் ஒரு தகவல்' குழுக்கள் இரண்டு, ஒரு வினாடிவினா செயலி, பிறகு பேப்பரில் வரும் துணுக்குகள். ஒரு நாளைக்கு இருபது தகவலாவது படிப்பேன். ராத்திரி யோசித்தால் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பது மட்டும் நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

போன வாரம் நான்காம் வகுப்பு படிக்கும் என் பேரன் காலண்டரைப் பார்த்து, "தாத்தா, கீழ்நோக்கு நாள்னு போட்டிருக்கே, எது கீழ பாக்குது?" என்றான். நாற்பது வருடமாகத் தாள் கிழிக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. போனில் தேடிச் சொன்னேன். அதற்குள் அவன் விளையாட ஓடிவிட்டான்.

எதையாவது புதிதாகத் தெரிந்துகொண்டால் சின்ன வயதில் ஒரு சந்தோஷம் வருமே, அது இனி வருமா? தத்துவம் வேண்டாம், செய்முறையாகச் சொல்லுங்கள்.

ரா., தாம்பரம்

அன்புள்ள ரா.,

பேரன் கேட்டதற்கும் நீங்கள் பதில் சொன்னதற்கும் நடுவே ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடத்தை ஒரு மாதமாக இழுத்திருந்தீர்கள் என்றால் பையன் ஓடியிருக்க மாட்டான்.

துணுக்கு நிற்காததற்கு வயதைக் குறை சொல்லாதீர்கள். இருபது வயதுக்காரனுக்கும் அது நிற்பதில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு வரும் பதில் அது. ஆக்டோபஸ் மட்டும் நின்றதற்குக் காரணம் உண்டு: உயிருக்கு இதயம் ஒன்று என்று உங்கள் மனம் முன்பே ஒரு கணக்கு வைத்திருந்தது, மூன்று என்றதும் கணக்கு இடித்தது. மற்ற பத்தொன்பதுக்கும் மனத்தில் கணக்கே கிடையாது. (மூன்றில் இரண்டு செவுள்களுக்கு ரத்தம் அனுப்ப, ஒன்று மற்ற உடம்புக்கு. இதையும் சேர்த்து வைத்துக்கொண்டால் அந்தத் தகவலுக்குக் கொஞ்சம் கைகால் முளைக்கும்.)

2009-இல் மின் ஜியோங் காங், காலின் கேமரர் முதலான ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களிடம் நாற்பது பொது அறிவுக் கேள்விகளைக் கொடுத்து, விடையை ஊகிக்கச் சொல்லி, அந்த ஊகத்தில் எவ்வளவு நிச்சயம், விடையை அறிய எவ்வளவு ஆவல் என்று இரண்டையும் கேட்டார்கள். சுத்தமாகத் தெரியாதவற்றிலும் நன்றாகத் தெரிந்தவற்றிலும் ஆவல் குறைவு. அரைகுறையாகத் தெரிந்தவற்றில்தான் அதிகம். தப்பாக ஊகித்த கேள்விகளிலும், எவற்றில் ஆவல் மிகுந்திருந்ததோ அவற்றின் சரியான விடைகள் பல நாள் கழித்தும் நன்றாக நினைவில் இருந்தன. 2014-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் க்ரூபர் குழு இன்னொன்றைக் கண்டது. ஆவலோடு விடைக்குக் காத்திருக்கும் சில விநாடிகளில் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தைக் காட்டினால், அந்த முகமும் சேர்ந்து மனத்தில் பதிகிறது.

ஆகவே உங்களுக்கு வேண்டியவை அரைகுறையாகத் தெரிந்த ஒரு விஷயம், ஓர் ஊகம், கொஞ்சம் காத்திருப்பு. மூன்றும் உங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. தாளில் போட்டிருக்கும் பலன்களை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நம்பாதவருக்கும் அது முந்நூற்றுச் சொச்சம் பக்கமுள்ள கணக்குப் புத்தகம்தான்.

வேலையை இரவில் தொடங்குங்கள். படுக்கப் போகும்முன் அன்றைய தாளின் ஓரத்தில், நாளைய தாளில் ஒரு குறிப்பிட்ட வரி என்னவாக இருக்கும் என்று ஊகித்து எழுதுங்கள். பக்கத்தில் பத்துக்கு எத்தனை நிச்சயம் என்று ஓர் எண். பேரன் இருந்தால் அவன் ஊகம் முதலில், உங்களுடையது பிறகு. இந்த வரிசை மாறினால் அவன் உங்களைப் பார்த்து எழுதுவான். காலையில் தாளைக் கிழித்தால் விடை சுவரில் இருக்கும், ஊகம் கையில் இருக்கும். கிழித்த தாளின் பின்பக்கம் மூன்று வரி எழுதுங்கள்: சரியா தப்பா, தப்பென்றால் எதை நினைத்து அப்படி எழுதினேன், இதிலிருந்து அடுத்து என்ன கேட்கலாம். இரவில் இரண்டு நிமிடம், காலையில் ஐந்து நிமிடம். அதற்கு மேல் போனால் பதினைந்தாம் நாள் விட்டுவிடுவீர்கள்.

தாள் மெல்லியது. ஜெல் பேனா மறுபக்கம் ஊறும், பால்பாயிண்ட் போதும். சில காலண்டர்களில் பின்பக்கமும் சமையல் குறிப்பு, பொன்மொழி என்று அடித்திருப்பார்கள். அது வேண்டாம், வெற்றுப் பின்பக்கம் உள்ளதாக, பெரிய தாளாக வாங்குங்கள். கிழித்தவற்றைத் தேதிவாரியாகக் கட்டுப் போட உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் வாரம் சூலத்தை எடுங்கள், அதாவது அந்தக் கிழமையில் பயணம் கூடாது என்று தாளில் போடும் திசையை. திங்கள், சனி கிழக்கு. செவ்வாய், புதன் வடக்கு. வியாழன் தெற்கு. வெள்ளி, ஞாயிறு மேற்கு. இதை இங்கே நான் போட்டு உடைத்ததற்குக் காரணம், இது சப்பென்று இருக்கும் என்பதுதான். இரண்டாம் வாரமே பத்துக்குப் பத்து நிச்சயம் வந்துவிடும், ஆவல் போய்விடும். போகட்டும். கைப்பழக்கத்துக்குத்தான் அந்த ஏழு நாள். கூடவே பரிகார வரியையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், தயிர், பால், தைலம், வெல்லம் என்று திசைக்கு ஒன்றாக வருவதை அவனே கண்டுபிடிப்பான்.

அடுத்து அவன் கேட்ட கேள்வி. போனில் படித்ததை அவன் காதில் வாங்கவில்லை அல்லவா, அது நம் அதிர்ஷ்டம். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: அன்றைய நட்சத்திரம், மேல்நோக்கா கீழ்நோக்கா சமநோக்கா. முதல் பத்து நாள் ஊகம் கண்டபடி இருக்கும். கிழமையைப் பொறுத்தது என்று பையன் சொல்வான். இரண்டாம் வாரம் அது உடையும். தேதியைப் பொறுத்தது என்பான், அதுவும் உடையும். உடையும்போது வாயைத் திறக்காதீர்கள். இதுதான் இந்த முறையிலேயே கடினமான பகுதி, பெரும்பாலான தாத்தாக்கள் இங்கேதான் தோற்கிறார்கள். ஒரு மாதம் கழித்து அதே நட்சத்திரம் திரும்பி வரும்போது அதே நோக்கும் திரும்பி வருவதை அவன் பார்ப்பான். இருபத்தேழு நட்சத்திரங்களும் மூன்று ஒன்பதாகப் பிரிந்து நிற்பதும் தெரியும். ரோகிணி, திருவாதிரை, பூசம் மேலே பார்ப்பவை. பரணி, மகம், மூலம் கீழே பார்ப்பவை. மீதியை நோட்டு சொல்லும். கீழ்நோக்கு நாளில் கிணறு வெட்டு, கிழங்கு நடு. மேல்நோக்கு நாளில் சுவர் எழுப்பு, மரம் வை. சமநோக்கு நாளில் ஏர் பூட்டு என்று வேலைகளைப் பிரித்துச் சொல்வார்கள். இந்தக் கடைசித் துண்டை நீங்கள் சொல்லலாம். அதற்குள் அவன் கேட்கத் தயாராக இருப்பான்.

இங்கே இரண்டு சிக்கல் வரும். முதலாவது, இருபத்தேழு நாளில் இருபத்தேழு நட்சத்திரமும் வரிசை தவறாமல் வராது. சந்திரன் பூமிக்குப் பக்கத்தில் வரும்போது வேகமாகவும் தள்ளிப் போகும்போது மெதுவாகவும் நகர்கிறது. ஒரு நட்சத்திரத்தைக் கடக்க அதற்குச் சுமார் 21 மணி நேரமும் ஆகலாம், 27 மணி நேரமும் ஆகலாம். தாளில் பெரும்பாலும் சூரிய உதயத்தின்போது இருக்கும் நட்சத்திரத்தைத்தான் முதலில் போடுவார்கள். மெதுவாகப் போனால் ஒரே நட்சத்திரம் இரண்டு உதயத்தைப் பிடித்துக்கொள்ளும். வேகமாகப் போனால் ஓர் உதயத்துக்குப் பின் தொடங்கி அடுத்த உதயத்துக்கு முன்பே முடிந்து, ஒரு நாளும் கிடைக்காமல் போகும். பையன் 'தாள் தப்பு' என்பான். தப்பில்லை, அந்த வரிக்குப் பக்கத்தில் 'வரை' என்று போட்டிருக்கும் மணியைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, பக்கத்து வீட்டுக் காலண்டரோடு ஒப்பிடாதீர்கள். வாக்கியப் பஞ்சாங்கத்தை (பழைய கணக்கு) வைத்துப் போட்டதற்கும் திருக்கணிதத்தை (திருத்திய கணக்கு) வைத்துப் போட்டதற்கும் நேரங்கள் வேறுபடும். வருடம் முழுக்க ஒரே காலண்டர்.

நட்சத்திரப் பத்தி நிறைந்ததும் மூன்றாவதாகச் சந்திராஷ்டமத்தைச் சேருங்கள், அதாவது எந்த நட்சத்திரத்தில் பிறந்தவர் அன்று கவனமாக இருக்க வேண்டும் என்று போடும் வரியை. எண்ணிப் பார்த்தால், அங்கே போட்டிருக்கும் நட்சத்திரத்தை ஒன்று என்று வைத்தால் அன்றைய நட்சத்திரம் பதினேழாவதாக வரும். அன்று அனுஷம் என்றால் சந்திராஷ்டமம் அசுவினிக்கு. சில காலண்டர்களில் நட்சத்திரத்துக்குப் பதில் ராசியைப் போடுவார்கள், அப்படியானால் எட்டாவது ராசி என்று எண்ண வேண்டும். 'இன்னைக்கு யாருகிட்டயும் வாய் குடுக்காதே' என்று வீட்டில் சொல்லும் நாளின் பின்னால் ஒரு கூட்டல் கழித்தல்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் பையன்கள் குஷியாகிவிடுகிறார்கள்.

இனி நீண்ட கேள்வி ஒன்று. நவம்பரில் தொடங்கினால் பிப்ரவரியில்தான் முடியும், ஆனால் எல்லாவற்றிலும் ருசியானது இதுதான். வருடத்தில் மிகச் சின்னப் பகல் டிசம்பர் 21 அல்லது 22. அப்படியானால் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பதும் மிகச் சீக்கிரம் மறைவதும் என்றைக்கு? யாரைக் கேட்டாலும் அதே நாளைத்தான் சொல்வார்கள், பத்துக்கு ஒன்பது நிச்சயத்தோடு. பேப்பரில் வரும் உதய, அஸ்தமன நேரங்களை வாரம் ஒருமுறை, ஞாயிறுதோறும், குறித்து வாருங்கள். உங்கள் பக்கம் மிகச் சீக்கிரமான அஸ்தமனம் நவம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டி, சுமார் 5.38-க்கு வந்துவிடும். மிகத் தாமதமான உதயமோ ஜனவரி கடைசி வாரத்தில், சுமார் 6.36-க்கு. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மாதம்.

காரணம், சூரியன் உச்சிக்கு வரும் நேரமே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் வேகமாக ஓடுகிறது. அச்சின் சாய்வும் சேர்ந்துகொள்கிறது. டிசம்பர் கடைசியில் ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு 24 மணி நேரமும் ஏறத்தாழ 30 விநாடியும் ஆகிறது. நாளுக்கு அதிகபட்சம் அரை நிமிடம் என்று சேர்ந்து சேர்ந்து, சென்னையில் நவம்பர் தொடக்கத்தில் 11.53-ஐ ஒட்டி வந்த உச்சி, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 12.23-க்குப் போய்விடுகிறது. மொட்டைமாடியில் பார்க்கலாம். ஓர் அடிக் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, 11.30 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி வையுங்கள். மிகக் குட்டையான நிழல் வந்த நேரம்தான் உச்சி. குட்டையானது எது என்று தடுமாறும், ஏனென்றால் உச்சிக்குப் பக்கத்தில் நீளம் மெல்லத்தான் மாறும். புள்ளிகளை ஒரு கோடாக இணைத்து, குச்சியின் அடியிலிருந்து சம தூரத்தில் இருபுறமும் உள்ள இரண்டு புள்ளிகளுக்கு நடு நேரத்தை எடுத்தால் தடுமாற்றம் தீரும். குச்சி சாய்ந்திருந்தால் எல்லாமே தப்பாகும். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள்.

பூமியின் இதே ஓட்டம் உங்கள் தாளில் இன்னோர் இடத்திலும் ஒளிந்திருக்கிறது. மார்கழி 29 அல்லது 30 நாளில் முடிய, ஆனி 31 அல்லது 32 நாள் இழுப்பது ஏன்? தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் நேரம். பூமி வேகமாக ஓடும்போது ராசி சீக்கிரம் முடிகிறது. இதை இப்போது பேரனிடம் சொல்லிவிடாதீர்கள். குச்சி வேலை முடிந்த பிறகு, "மார்கழி ஏன் சீக்கிரம் தீர்ந்துபோச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

போனில் வரும் துணுக்குகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். அந்த ஒன்றையும் 'இதை நான் எப்படிச் சோதிப்பேன்?' என்று கேட்டுவிட்டு வையுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வருடத்துக்கு நாலு முறை வரும். விமானம் சுமார் 200 அடி உயரம், அடிப்பக்கம் சுமார் 100 அடி. டிசம்பர் கடைசியில் தஞ்சாவூரில் உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 56 பாகையில் நிற்கும். 200 அடிக் கோபுரத்தின் நுனி நிழல் அப்போது மையத்திலிருந்து வடக்கே சுமார் 135 அடி போகும். அடிப்பக்கத்தில் பாதியான 50-ஐக் கழித்தால் மீதி 85 அடி தரையில்தான் கிடக்கும், மாலையில் இன்னும் நீளும். கோயில் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கணக்குப் போடாமல் அனுப்புகிறவர்கள்தான் அதற்கு வேண்டாத பெருமையைச் சேர்க்கிறார்கள்.

ஞாயிறு காலையில் அந்த வார ஏழு தாள்களையும் பின்பக்கமாகத் திருப்பி, முன்பக்கம் பார்க்காமல், எந்த நாள் எதில் தப்பினோம் என்று சொல்லிப் பாருங்கள். நினைவில் நிற்பதெல்லாம் பெரும்பாலும் தப்பியவையாகவே இருக்கும், அதுவும் எட்டு, ஒன்பது என்று நிச்சயம் போட்டுத் தப்பியவை. அந்த எண்ணை எழுதச் சொன்னது இதற்காகத்தான். வாரம் முழுக்கச் சரியாகவே வந்திருந்தால் அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். வாரம் முழுக்க இரண்டு, மூன்று என்றே நிச்சயம் இருந்தால் கேள்வி எட்டாத உயரத்தில் இருக்கிறது, சின்னதாக உடையுங்கள். ஊருக்குப் போனால் தாள் தேங்கும். திரும்பி வந்து மொத்தமாகக் கிழித்து நிரப்பாதீர்கள். விட்டது விட்டதுதான், அன்றிலிருந்து தொடங்குங்கள்.

பேரனுக்கு ஒரு கேள்வி வைக்கிறேன். ஞாயிறுக்கு அடுத்து திங்கள் ஏன்? வானத்தில் அந்த வரிசையே இல்லை. காலண்டர் அட்டையிலோ பஞ்சாங்கத்திலோ ஓரைப் பட்டியல் இருக்கும். சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்று மணிக்கு ஒன்றாக ஓடி, மறுபடி சூரியனுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை உதயத்தில் சூரிய ஓரையை ஒன்று என்று வைத்து இருபத்தைந்து வரை எண்ணச் சொல்லுங்கள். எங்கே போய் நிற்கிறது என்று அவன் கைப்பட ஒரு தாளின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பட்டும். நீங்கள் சொல்லிக் கொடுக்காமல்.