கியாரி முதல் வகை, இரண்டாம் வகையாக முற்றுமா?

கேள்வி: தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ‘கியாரி முதல் வகை, சிறுமூளையின் கீழ்நுனி 6 மி.மீ. இறங்கியுள்ளது’ என்று வந்திருக்கிறது. இணையத்தில் நான்கு வகை போட்டிருக்கிறார்கள். எனக்கும் ஒவ்வொன்றாக முற்றிக்கொண்டே போகுமா? மறதியும் இருக்கிறது, முடியும் கொட்டுகிறது. தினமும் வலி மாத்திரை போடுகிறேன். (வாசகி, வயது 34)

பதில்: முற்றாது. சிறுமூளையின் கீழ்நுனி மண்டையோட்டின் அடித்துளை வழியாகக் கழுத்துப் பக்கம் இறங்கியிருப்பதுதான் கியாரி முதல் வகை. புற்றுநோயில் சொல்கிற ‘ஸ்டேஜ்’ கணக்கு இங்கே கிடையாது. பிராகாவில் இருந்த ஹான்ஸ் கியாரி என்ற மருத்துவர், பிரேதப் பரிசோதனைகளில் பார்த்த வெவ்வேறு குறைபாடுகளுக்கு 1891-இல் போடத் தொடங்கிய வரிசை எண் அது. இரண்டாம் வகை, முதுகெலும்பு மூடாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு இருப்பது. உங்களுக்கு இனி வர வழியே இல்லை.

பொதுவாக 5 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் ரிப்போர்ட்டில் இந்தப் பெயரை எழுதிவிடுவார்கள். இது இருந்தும் கடைசிவரை ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் ஏராளம். ஆகவே மில்லிமீட்டரை விடுங்கள். வலி எப்படி வருகிறது என்று கவனியுங்கள். இருமினால், தும்மினால், முக்கினால் பின்னந்தலையில் சுரீரென்று வலித்தால் அதற்குக் கியாரி காரணமாக இருக்கலாம். மற்றபடி, வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றுதான் எனக்கு முக்கியம். சூடான பொருளைத் தொட்டால் கையில் சூடு தெரிகிறதா? மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் திரவத்தை இறங்கிய நுனி தடுப்பதால், சிலருக்குத் தண்டுவடத்துக்குள்ளேயே நீர் தேங்கும். வலியையும் சூட்டையும் உணர்த்தும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுவே குறுக்காகக் கடப்பவை; முதலில் அடிவாங்குவது அவைதான். தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது. எப்போது பட்டதென்றே தெரியாத தீக்காயம், பட்டன் போடத் தடுமாற்றம், கைத்தசை மெலிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். தண்டுவடம் முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலும் அப்படியே. அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்: பின்மண்டையில் கொஞ்சம் எலும்பை எடுத்து, நுனிக்கு இடம் விடுவார்கள்.

முடி கொட்டுவதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மறதியா? நடுராத்திரி வரை நோயைத் தேடிப் படித்தால் யாருக்கும் வரும்.

அப்புறம் அந்த மாத்திரை. மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். யாரைக் கேட்டு ஆரம்பித்தீர்கள்? எந்த நாள் எப்படி வலித்தது, என்ன மாத்திரை போட்டீர்கள் என்று எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். யாராவது கழுத்தில் சொடுக்கு எடுத்தால் சரியாகும் என்றால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.