கூட்டம் வடிந்த கடற்கரை: வாசகர் கேள்வி - பதில்

நாகப்பட்டினம், காரைக்கால், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி கடற்கரைகளுக்குக் கூட்டமில்லாத நாட்களில் போய்வருவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

*கேள்வி: பிள்ளைகளுக்கு நெரிசல் ஒத்துக்கொள்வதில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து நாகப்பட்டினமோ காரைக்காலோ போய்வர நினைக்கிறோம். எந்த மாதம் நல்லது?*
- குடவாசல் வாசகி

பதில்: நம் பக்கத்தில் கூட்டம் வடியும் காலம் மூன்று இருக்கிறது. மூன்றிலும் கடல் ஒரே மாதிரி இருக்காது.

காணும் பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை உள்ள காலத்தைத்தான் உங்களுக்குச் சொல்வோம். மழை விட்டிருக்கும். வாடைக்காற்று தணிந்திருக்கும். ஆற்று வெள்ளம் வடிந்து கலங்கல் தெளிய ஆரம்பிக்கும். பிப்ரவரியில் அலை பெரும்பாலும் சின்னதாகவும் சீராகவும் வரும். இதற்குள் ஒரு நாளை மட்டும் கழித்துவிடுங்கள்: மாசி மகம். அன்றைக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்குத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளுவார். காரைக்கால் போகிற வழியெல்லாம் ஜனம் நிற்கும். (பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது என்பது வேறு விஷயம்.)

அடுத்தது, ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை. பூம்புகார் போவதாக இருந்தால் ஆடி அமாவாசையும் ஆடிப்பெருக்கும் வேண்டாம். இது கச்சான் வீசும் காலம். காற்று தரையிலிருந்து கடல் பக்கம் அடிப்பதால் காலையில் கரையோரத்து நீர் குளம் மாதிரி படிந்து கிடக்கும். பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பந்தோ காற்றடைத்த ட்யூபோ கையை விட்டு நழுவினால் காற்று அதை உள்ளே தள்ளிக்கொண்டே போகும். முழங்கால் தண்ணீரில் நின்ற பிள்ளை அதைப் பிடிக்க நாலு எட்டு வைத்தால் மார்பளவுத் தண்ணீர். இந்த மாதங்களில் மிதக்கும் விளையாட்டுச் சாமானை வீட்டிலேயே வைத்துவிட்டு, வாளியும் கரண்டியும் கொண்டுபோங்கள். இன்னொன்று: கச்சான் பலமாக இருக்கும் நாளில் கடல்காற்று ஏறுவதற்கு மணி மூன்று, நான்கு ஆகிவிடும். அதற்கு முன்னால் போனால் கரையில் அனல்தான்.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடிந்த பிறகு, மழை பிடிக்கும் வரை உள்ள நாட்கள் மூன்றாவது. ஊர் ஓய்ந்திருக்கும், ஆனால் புழுக்கம் அதிகம், சாயங்காலம் இடி இடிக்கும். இடிச் சத்தம் காதில் விழுந்ததுமே கரையை விட்டுக் கிளம்ப வேண்டும். சவுக்குத் தோப்புக்குள்ளும் பனைமரத்தடியிலும் ஒதுங்கக் கூடாது. கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ இருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு திரும்ப வரலாம்.

மாமியாருக்கு: முழங்காலுக்குப் பகை காய்ந்த மணல்தான். கால் புதையப் புதைய மூட்டு திருகும். ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அந்த ஈரப் பட்டை குறுகலாகவும் கடலை நோக்கிச் சரிவாகவும் இருக்கும். சரிவில் வெகுதூரம் நடந்தால் ஒரு கால் உயர்ந்தும் ஒரு கால் தாழ்ந்தும் போய் வலி கூடும். மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப்போய், சாலை முடியும் இடத்திலிருந்து எட்டாத தூரத்துக்கு அழைத்துப் போகாமல் உட்கார வையுங்கள். நாற்காலிக் காலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு போட்டால் மணலில் இறங்காது.

நேரம் காலைதான். நம்முடையது கிழக்குக் கடல். சூரியன் டிசம்பரில் சுமார் 6.20-க்கும், ஜனவரிக் கடைசியில் 6.35-க்கும், ஜூனில் 5.50-க்கும் கடலிலிருந்து எழும். சாயங்காலம் வெளிச்சம் நம் முதுகுப் பக்கம் போய்விடுவதால் கரை சீக்கிரம் இருண்டுவிடும். கூட்டமில்லாத காலத்தில் தள்ளுவண்டி விளக்குகளும் இருக்காது. குடிநீர், சாப்பாடு, பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி எல்லாம் கையோடு இருக்கட்டும். கடை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

*கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் நவம்பரில் ஒரு வேலை நாளில் காரைக்கால் கடற்கரைக்குப் போய்க் குளிக்கலாம் என்றிருக்கிறோம். எல்லோரும் காவிரியில் நீந்திப் பழகியவர்கள். மற்ற இடத்தில் அலை அடித்தாலும் முகத்துவாரத்துப் பக்கம் அலையே இல்லை, அங்கே இறங்கலாம் என்கிறான் ஒருவன். சரியா?*
- கும்பகோணம் வாசகர்

பதில்: வேண்டாம். அலை இல்லாத அந்த இடம்தான் அந்தக் கரையிலேயே ஆபத்தான இடம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம், அப்போதுதான் மனதில் நிற்கும். டெல்டாக் கரை முழுக்க ஆற்று வாய்கள். பூம்புகாரில் காவிரி, காரைக்காலில் அரசலாறு, நாகூரில் வெட்டாறு, நாகப்பட்டினத்தில் கடுவையாறு, வேளாங்கண்ணிக்குத் தெற்கே செருதூரில் வெள்ளையாறு. கோடையில் இவற்றின் வாயில் மணல் அடைத்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து அந்த மணலை அறுத்துக்கொண்டு போகும். அறுத்த இடம் பள்ளம். போன வாரம் முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இந்த வாரம் இரண்டு ஆள் ஆழம் இருக்கலாம். அலை உடைவதற்கு ஆழம் குறைவாக இருக்க வேண்டும். பள்ளத்தில் அலை உடையாது. ஆகவே மேலே அமைதி, கீழே ஆறும் வடியும் ஓதமும் சேர்ந்து கடலுக்குள் இழுக்கும்.

முகத்துவாரத்தை விட்டுத் தள்ளிப் போனாலும் இதே சங்கதி சின்ன அளவில் உண்டு. கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரத்தில் நீருக்கடியில் மணல் திட்டு ஓடும். அலை அதைத் தாண்டிக் கரைக்கு நீரைக் கொண்டுவந்து கொட்டும். கொட்டிய நீர் திட்டில் எங்கே பள்ளம் கிடைக்கிறதோ அந்த வழியாக மொத்தமாகத் திரும்பும். அதுதான் இழுப்பு. இறங்குமுன் கரையில் ஒரு மேடான இடத்தில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். வெள்ளை நுரை வரிசையாக உடைந்து வரும்போது நடுவில் ஓரிடம் மட்டும் நுரை இல்லாமல், நிறம் மாறி, தட்டையாக இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு தேங்காய் மட்டையோ நுரைத் திட்டோ கரைக்கு வராமல் கடலை நோக்கி நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். நவம்பரில் ஆற்று வண்டல் கலந்து நீர் முழுக்கப் பழுப்பாக இருப்பதால் நிற வித்தியாசம் தெரியாது. அந்த மாதத்தில் குளிக்க வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

காவிரியில் நீந்தியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இழுத்தால் எதிர்த்து அடித்துக் கரை சேரப் பார்ப்பார்கள். கடல் இழுப்பில் அப்படிச் செய்தால் கை ஓய்ந்துபோகும், கரை வராது. நல்ல நீச்சல்காரர்கள் போவதும் இப்படித்தான். இழுப்பு ஆளைக் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சமன்படுத்துங்கள். கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். பிறகு கரைக்கு நேராக அல்லாமல், கரைக்கு இணையாக வடக்கோ தெற்கோ நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து அந்த அலையோடு கரையேறுங்கள்.

கூட்டமில்லாத நாளில் உங்களைப் பார்க்க ஆளிருக்காது. திருவிழாக் காலத்தில் நிற்கும் போலீஸ்காரரும், சத்தம் கேட்டு ஓடிவரும் படகுக்காரரும் அன்றைக்கு இருக்க மாட்டார்கள். ஆறு பேரில் இருவர் எப்போதும் கரையில் நிற்க வேண்டும், கண்ணைக் கடலை விட்டு எடுக்காமல், போனைப் பார்க்காமல். மூடி இறுக்கிய 5 லிட்டர் வெற்று கேன் இரண்டும், 20 மீட்டர் நைலான் கயிறும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தத்தளித்தால் இன்னொருவர் பாயக் கூடாது. கேனை எறிய வேண்டும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து போவது இப்படிப் பாய்வதால்தான்.

கரைக்குக் கொண்டுவந்தவரை வயிற்றில் அமுக்குவதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. அதை யார் செய்தாலும் தடுங்கள். அமுக்கினால் வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். அழைத்தும் அசையவில்லை, சரியாக மூச்சும் இல்லை என்றால், தலையைப் பின்னால் சாய்த்து மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை மூச்சு கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் இறங்கும்படி 30 அமுக்கு, இரண்டு மூச்சு, மறுபடி 30. நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கு என்ற வேகம். இன்னொருவர் அதற்குள் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. கண் விழித்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். நுரையீரலில் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் கொடுக்கும்.

காரைக்கால் என்றதும் சிலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கடல் அல்ல, பாட்டில். குடித்தவர் ஈர மணலைக்கூடத் தொட வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

*கேள்வி: நாகை துறைமுகத்தில் 1-ம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். வேளாங்கண்ணியில் அறை போட்டாயிற்று. போகலாமா, வேண்டாமா?*
- திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: 1-ம் எண் என்றால் கடலில் வெகுதூரத்தில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது என்று கப்பல்களுக்கும் படகுகளுக்கும் சொல்வது. மாதா கோயிலுக்குப் போகலாம், கடலில் கால் வைக்க வேண்டாம். 2, அது தூரத்தில் புயலாகிவிட்டது என்பது. 3 ஏறினால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும் என்று பொருள், பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 5-லிருந்து 7 வரை அபாயம், 8-லிருந்து 10 வரை பெரிய அபாயம், 11 தகவல் தொடர்பே அறுந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா கரை கடந்தபோது தென்னையும் மின்கம்பமும் விழுந்து கிடந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை.

பலரும் தவறவிடுவது கூண்டு இறக்கிய பிறகு வரும் நாட்களை. வெயில் அடிக்கும், காற்றே இருக்காது. ஆனால் புயல் கிளப்பிய நீண்ட அலை இன்னும் இரண்டு மூன்று நாள் வந்துகொண்டிருக்கும். பத்து அலை சின்னதாக வந்து, பதினோராவது ஆளைச் சுருட்டும். கரையும் அரித்து, ஆள் உயரச் செங்குத்து மேடாக நிற்கும். அதன் விளிம்பில் நின்றால் மணல் சரியும்.

*கேள்வி: கடற்கரையில் காரை மணலில் இறக்கலாமா?*
- நன்னிலம் வாசகர்

பதில்: இறக்காதீர்கள். சக்கரம் புதைந்தபின் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் குழி பறிக்கும். ஏற்கெனவே புதைந்துவிட்டால், டயர் காற்றைப் பாதியாகக் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரிவிட்டு, கால்மிதிகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகி, முதல் கியரில் மெல்ல எடுங்கள். காற்றை நிரப்பிய பிறகே வேகமாக ஓட்டலாம். வீடு வந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். உப்பு ஒரே இரவில் துருவை ஆரம்பித்து வைக்கும்.

*கேள்வி: மே மாதம் நாகையில் நல்ல மீன் கிடைக்குமா?*
- திருவாரூர் வாசகி

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்க விடுவதற்காக. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கரையோரத்தில் பிடிப்பது மட்டும் வரும், விலை கூட இருக்கும். ஐஸில் வந்த வெளியூர் மீனும் கலந்திருக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பு வெளிறிப் பழுப்பாக இருந்தால் விடுங்கள். விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது.

*கேள்வி: பிப்ரவரியில் மாணவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போகிறோம். டேனிஷ் கோட்டை பார்த்தபின் கரையில் ஆமைத் தடம் இருந்தால் காட்டலாமா?*
- மன்னார்குடி ஆசிரியை

பதில்: தாராளமாக, பகலில். 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு எதிரிலேயே கரை. அங்கே கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளில் பாசி வழுக்கும், பிள்ளைகளை ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணல் பரந்த இடத்தில் தேடச் சொல்லுங்கள்.

பங்குனி ஆமை ஜனவரியிலிருந்து முட்டையிட வரும், பங்குனி வரை நீளும். இரவில் ஏறி, அடம்பங்கொடி படரும் மேட்டோரமாகக் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேலும் இடும். காலையில் பார்த்தால் கடலிலிருந்து ஒரு தடம் மேலே போயிருக்கும், இன்னொன்று இறங்கியிருக்கும். நடுவில் வயிறு தேய்த்த வழி, இரு பக்கமும் துடுப்பு போட்ட கமா வடிவக் குழிகள், இடமும் வலமும் மாறி மாறி. இரண்டு தடமும் சேரும் இடத்தில் மணல் கிளறிக் குழம்பியிருக்கும். முட்டை அங்கேதான், முழங்கை ஆழத்தில்.

அந்த இடத்தை மிதிக்கவும் குச்சியால் குத்தவும் விடாதீர்கள். வனத்துறைக்குச் சொன்னால் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள், 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புள்ள உயிர் இது, ஒரு முட்டையை எடுத்தாலும் குற்றம். இரவில் தங்குவதாக இருந்தால் டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் கரைப் பக்கம் வேண்டாம். வெளிச்சம் கண்டால் ஏறி வந்த ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ஊர்ப் பக்கம் ஊர்ந்து வந்துவிடும். செத்து ஒதுங்கிய ஆமையைப் பார்த்தால் தொடாமல், இடத்தையும் நேரத்தையும் மாணவர்களை எழுதிவைக்கச் சொல்லி வனத்துறையிடம் கொடுங்கள். எங்கே எத்தனை ஒதுங்கின என்று கணக்கெடுப்பவர்களுக்கு அந்தக் குறிப்பு வேண்டியிருக்கிறது.