நாணயச்சாலைக்குத் தலைவராக இருந்த விஞ்ஞானியின் வேலையும் குடும்ப வாழ்க்கையும் எப்படி இருந்தன?

இந்தக் கேள்விக்குப் பலரும் நியூட்டனைத்தான் சொல்வார்கள். என் நினைவுக்கு வருபவர் 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில வானியலாளர் ஜான் ஹெர்ஷல். ஆறு வருடமாக ஓசூரில் வேலை, ஈரோட்டில் குடும்பம் என்று நான் வாழ்வதால் இருக்கலாம்.

யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் ஒரே மகன் இவர். பிறந்த வீட்டுத் தோட்டத்திலேயே 40 அடித் தொலைநோக்கி நின்றது. அப்பாவும் அத்தை கரோலினும் சேர்ந்தே வானத்தை ஆராய்ந்தார்கள். பிற்பாடு தெற்கு வானத்தைப் பார்க்கத் தென்னாப்பிரிக்கா போனபோது, இவரும் மனைவி மார்கரெட்டையும் மூன்று குழந்தைகளையும் கூட்டிக்கொண்டுதான் கப்பல் ஏறினார். அங்கே பூக்களின் உருவத்தை இவர் கோடாக வரைந்து தருவார், மார்கரெட் வண்ணம் தீட்டுவார். 1838இல் ஊர் திரும்பும்போது குழந்தைகள் ஆறு பேர். அறிவியல் என்றாலே வீட்டாரோடு சேர்ந்து செய்கிற காரியம் என்றுதான் அவர் பழகியிருந்தார்.

அப்படிப்பட்டவர் 1850 டிசம்பரில், 58 வயதில், லண்டன் நாணயச்சாலையின் தலைவரானார். வீடு கென்ட் பகுதியில் ஹாக்ஹர்ஸ்ட் என்ற கிராமத்தில். வேலை லண்டனில். பெரும்பாலான நாட்கள் தனியாக அங்கே தங்கினார். வீட்டோடு தொடர்பு கடிதம்தான்.

வேலையும் லேசானதல்ல. காசு அடிக்கும் குத்தகையைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த குழுவைக் கலைத்துவிட்டு, அந்த வேலையை அரசே நடத்தும்படி மாற்ற வேண்டியிருந்தது. உரிமையை இழந்தவர்கள் சும்மா இருப்பார்களா? இதற்கு நடுவே 1851இல் ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்து, லண்டனில் வந்து குவிந்தது. பிரிட்டன் பணத்தில் ஒரு பவுனுக்கு (பவுண்டுக்கு) 20 ஷில்லிங், 240 பென்ஸ், 960 ஃபார்திங் என்றிருந்த கணக்கைப் பவுனுக்கு ஆயிரம் பங்கு என்று எளிதாக்கலாம் என அவர் ஆதரித்துப் பேசினார். பத்தின் மடங்குகளாகப் பணத்தைப் பிரிக்கும் இந்தப் பதின்ம முறைக்கு பிரிட்டன் மாறியது 1971இல்தான்.

1853இல் மூத்த மகன் வில்லியம் ஜேம்ஸ், 20 வயதில், வேலைக்காக வங்காளம் புறப்பட்டார். கைரேகையை அடையாளமாகப் பயன்படுத்திய முன்னோடி என்று பின்னாளில் பெயர் வாங்கியவர் அவர்தான். அந்த நேரத்தில் ஒரு தகப்பனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

உடம்பும் மனசும் தளர்ந்து, 1855இல் பதவியை விட்டார். பன்னிரண்டாவது குழந்தை கான்ஸ்டன்ஸ் பிறந்ததும் அதே வருடம்தான்.

நியூட்டன் 30 வருடத்துக்கு மேல் நாணயச்சாலையில் இருந்தார். ஹெர்ஷலுக்கு அடுத்து வந்த வேதியியலாளர் தாமஸ் கிரகாம் 1869இல் சாகும்வரை, 14 வருடம் இருந்தார். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹெர்ஷல் அந்த வேலையில் தோற்றுப்போனவர் என்று யாராவது எழுதினால் எனக்கு வருத்தமாக இருக்கும். நாணயச்சாலைச் சீர்திருத்தத்தின் கடினமான பகுதியைச் சுமந்தவர் அவர்.

ஊர் திரும்பிய பிறகு, 1864இல், 5,079 நெபுலாக்களும் (வானில் மேகம்போல் மங்கலாகத் தெரிபவை) விண்மீன் கொத்துகளும் அடங்கிய பட்டியலை வெளியிட்டார். இத்தகைய வான்பொருள்களை அடையாளம் காட்ட வானியலில் இன்றும் புழங்கும் என்.ஜி.சி. எண்கள் அதை விரித்து உருவானவைதான். அப்புறம் கிரேக்கக் காவியமான இலியட்டையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எல்லாம் ஹாக்ஹர்ஸ்ட் வீட்டில், பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான்.