உள்தொடை எரிகிறதா? ஷார்ட்ஸ், டைட்ஸ் கேள்வி பதில்

ஓடும்போது பத்து கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரிவதில்லை. பதினைந்தைத் தாண்டினால் இரண்டு உள்தொடைகளும் எரிகின்றன. தொளதொள ஷார்ட்ஸ்தான் போடுகிறேன். உடம்போடு ஒட்டி நிற்கும் டைட்ஸுக்கு மாறிவிடலாமா?

மாறுவதற்கு முன், எரியும் இடத்தைக் கண்ணாடியில் பாருங்கள். சிவப்பு எந்த வடிவில் இருக்கிறதோ அதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தால் தொடையோடு தொடை உரசுகிறது. கோடு போல மெல்லியதாக இருந்தால் தையல் அறுக்கிறது. தொடையைச் சுற்றி வளையமாக இருந்தால் ஓரத்து எலாஸ்டிக்கின் வேலை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

பத்தில் வராதது பதினைந்தில் ஏன் வருகிறது? வியர்வையில் ஊறிய தோல் மென்மையாகிவிடும். உலர்ந்த தோலைவிட ஈரத்தோலில் உராய்வும் அதிகம். போதாக்குறைக்கு, வியர்வை காயக் காய உப்பு தங்கி, மணல்தாள் போலத் தேய்க்கத் தொடங்கும். வெயிலுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்பவர்களுக்கு, அது வழிந்து இடுப்புக்குக் கீழே இறங்குவதால் இன்னும் சீக்கிரமே ஆரம்பித்துவிடும்.

தொடைகள் உரசுவதுதான் காரணம் என்றால், தொளதொள ஷார்ட்ஸ் உதவாது. ஓட ஓட அது மேலே ஏறி, இரண்டு தொடைகளுக்கும் நடுவில் துணியே இல்லாமல் போகும். உங்களுக்கு ஏற்றது தொடை வரை மட்டும் வரும் அரை டைட்ஸ். நீளத்தை ஊகிக்க வேண்டாம். கால்களைச் சாதாரணமாக வைத்து நின்று, தொடைகள் கடைசியாகத் தொடும் இடம் கவட்டிலிருந்து எத்தனை அங்குலம் என்று டேப்பால் அளந்து, அதோடு 2 அங்குலம் சேருங்கள். பலருக்கு 7 அல்லது 8 அங்குலம் வரும். ஷார்ட்ஸ் லேபிளில் போடும் 3, 5, 7, 9 என்ற எண்களும் இதே உள்பக்க நீளம்தான்.

தையல்தான் குற்றவாளி என்றால், ஷார்ட்ஸை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். மேடாகத் துருத்தி நிற்கும் ஓவர்லாக் தையல் நீண்ட ஓட்டத்துக்கு ஆகாது. துணியோடு துணியாகத் தட்டையாகப் படிந்திருக்கும் ஃபிளாட்லாக் தையல் வேண்டும். கவட்டில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் கூடினால் அதை வாங்காதீர்கள். அங்கே சாய்சதுரமாகத் தனித் துண்டு வைத்துத் தைத்திருந்தால் தையல்கள் விலகிப் போகும். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். நட்டநடுவில் ஓடும் தையல் இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.

தொடைகள் உரசாத ஒல்லியான உடல்வாகு என்றால், பக்கவாட்டில் பிளவு விட்ட 3 அல்லது 5 அங்குல ஷார்ட்ஸே போதும். காற்றோட்டத்தில் அதற்கு இணை கிடையாது.

பருத்தி உடம்புக்கு நல்லது என்கிறார்கள். ஓடும்போது மட்டும் ஏன் வேண்டாம்?

வியர்வையைக் குடித்துவிட்டு விடாது, அதனால்தான். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 7 முதல் 8 சதவீதம் ஈரம் வைத்திருக்கும். நைலானுக்கு இது சுமார் 4, பாலியஸ்டருக்கு 0.4 மட்டுமே. நனைந்த பருத்தி கனத்து, தொய்ந்து, தோலோடு ஒட்டி இழுக்கும். நைலான் தொடுவதற்கு வழவழப்பு. பாலியஸ்டர் சீக்கிரம் காயும். டைட்ஸ் என்றால் இவற்றில் ஒன்றோடு 15 முதல் 20 சதவீதம் ஸ்பான்டெக்ஸ் என்ற நீண்டு சுருங்கும் இழை கலந்திருப்பது நல்லது.

உள்ளே லைனர் வைத்த ஷார்ட்ஸ் வாங்கினேன். அதற்குள் ஜட்டி போட வேண்டுமா?

வேண்டாம். லைனரே உள்ளாடைதான். அதற்குள் பருத்தி ஜட்டி போட்டால் மேலே சொன்ன எல்லாத் தொல்லையும் திரும்ப வரும். வலை லைனரின் கால் எலாஸ்டிக் சிலருக்குத் தொடை இடுக்கில் கடிக்கும். அவர்கள் உள்ளே குட்டை டைட்ஸ் வைத்துத் தைத்த இரண்டடுக்கு ஷார்ட்ஸைப் பார்க்கலாம். ஆனால் இரண்டு அடுக்கு என்றால் மழையில் இரண்டு மடங்கு ஈரம்.

டைட்ஸ் போட்டால் ஓட ஓட இடுப்பிலிருந்து இறங்குகிறது. ஒரு சைஸ் சிறியதாக எடுக்கலாமா?

சிறியது எடுத்தால் இடுப்புப்பட்டை வயிற்றில் அழுந்தும், அழுந்தி உருளும், உருண்டு இன்னும் இறங்கும். முதலில் பட்டையின் அகலத்தைப் பாருங்கள். மெல்லிய எலாஸ்டிக்கைவிட மூன்று விரல் அகலப் பட்டை நன்றாக நிற்கும். உள்ளே நாடா இருக்க வேண்டும். அதுவும் சுற்றி முழுக்க ஓடுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். சில டைட்ஸில் முன்னால் இரண்டு நுனியை அழகுக்குத் தைத்து வைத்திருப்பார்கள். எவ்வளவு இறுக்கினாலும் பயன் இருக்காது.

கடையில் நின்று பார்ப்பது போதாது. முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுங்கள். ஒருமுறை முழுக்கக் குந்தி எழுங்கள். கவட்டுத் துணி கீழே தொங்கினாலோ, முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு விழுந்தாலோ அந்த அளவு சரியில்லை. போனையும் பையில் வைத்தே சோதியுங்கள். தொடைப் பக்கப் பையில் வைத்தால் பட்டையை அதிகம் இழுக்காது, நடு முதுகுப் பையும் பரவாயில்லை. தொளதொள ஷார்ட்ஸின் பக்கப் பையில் போட்டால் ஒவ்வோர் அடிக்கும் ஆடி அடிக்கும்.

தசையை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் டைட்ஸ் போட்டால் வேகம் கூடுமா?

கூடும் என்று எண்ணி வாங்க வேண்டாம். தசை குலுங்குவது குறைவதாகவும், மறுநாள் வலி கொஞ்சம் மட்டுப்படுவதாகவும் சிலர் உணர்கிறார்கள். சுகமாக இருந்தால் போடுங்கள். கால் மரத்தால் கழற்றிவிடுங்கள்.

நல்ல டைட்ஸ் ஆறே மாதத்தில் தொய்ந்து நாறுகிறது. துவைப்பதில் தவறா?

பெரும்பாலும் அதுதான். துணி மென்மையாக்கும் திரவம் இழைகளின் மேல் படிந்து, வியர்வையை வெளியேற்றும் தன்மையைக் கெடுக்கும். வாடையையும் உள்ளேயே பூட்டி வைக்கும். சூடும் குளோரின் பிளீச்சும் ஸ்பான்டெக்ஸைக் கொல்லும். ஓடி வந்தவுடன் வெறும் தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிடுங்கள். பிறகு உள்பக்கம் திருப்பி, குளிர்ந்த நீரில் குறைந்த சோப்பில் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு மெல்லத்தான் திரும்புகிறது என்றால் ஸ்பான்டெக்ஸ் முடிந்துவிட்டது. அதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்தில் மாரத்தான். புது ஷார்ட்ஸ் வாங்கியிருக்கிறேன்...

ஒருமுறை துவைத்துவிட்டு இன்றே போட்டு ஓடத் தொடங்குங்கள். 15 கிலோமீட்டருக்குக் குறையாத ஓர் ஓட்டமாவது, ஓடும்போது சாப்பிடும் ஜெல், போன் எல்லாம் பையில் வைத்து, நடுவில் தண்ணீர் ஊற்றி நனைத்து ஓடிப் பாருங்கள். அதில் எரிந்தால் 42.195 கிலோமீட்டருக்குப் பழையதையே போடுங்கள். எதைப் போட்டாலும் உள்தொடை, தொடை இடுக்கு, பட்டை படும் இடம் மூன்றிலும் உலர்ந்த தோலில் பெட்ரோலியம் ஜெல்லியைப் பளபளப்பு தெரியும் அளவுக்குத் தடவுங்கள். மெல்லத் தேய்த்துக் காணாமல் போகச் செய்வதில் பயனில்லை. எண் அட்டையை டைட்ஸில் ஊக்கு வைத்துக் குத்தாமல் பனியனில் குத்துங்கள். நீளும் துணியில் ஊக்குத் துளை ஓடிக்கொண்டே பெரிதாகும்.