நந்தி விலகியது, சரி

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஒரு கச்சேரியில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை கேட்டு அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் எரிச்சலாக இருந்தது. நந்தனுக்கு முக்தி கிடைத்தது. அவன் சேரிக்கு? கலையும் இலக்கியமும் பேசுகிற மீட்பெல்லாம் தனி ஆளுக்கான ஆறுதல்தானா?

ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

அழுகையும் சரி, எரிச்சலும் சரி. எரிச்சல் கொஞ்சம் கூடுதலாகவே சரி.

முதலில் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரைப் பாருங்கள். ஆதனூர்ச் சேரியை அவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். பழங்கூரை மேல் சுரைக்கொடி படர்ந்திருக்கிறது. மருத நிழலில் ஓர் உழத்தி தோலை விரித்துக் குழந்தையைத் தூங்கவைக்கிறாள். நந்தன் கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுப்பவன். அவன் பதப்படுத்திய தோல் உள்ளே ஒலிக்கும், அவன் வெளியே நிற்பான். இவ்வளவையும் பார்த்தவர்தான் கடைசியில் தில்லையில், அதாவது சிதம்பரத்தில், தீ மூட்டச் சொல்கிறார். நந்தன் தீயில் இறங்கிப் பூணூலோடு முனிவனாக எழுகிறான். உள்ளே போகிறான், மறைந்துவிடுகிறான். விதியை மாற்றவில்லை, ஆளை மாற்றிவிட்டார்கள். உங்கள் எரிச்சல் பிறப்பது இந்த இடத்தில்தான்.

பெரியபுராணத்தில் நந்தனுக்கு ஆண்டை கிடையாது. 19ஆம் நூற்றாண்டில், நீங்கள் கேட்ட கீர்த்தனையை எழுதிய கோபாலகிருஷ்ண பாரதிதான் ஆண்டையாக ஒரு வேதியரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் (பாராட்டு முன்னுரைப் பாட்டு) தர முதலில் தயங்கினார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். புராணத்தை மீறியதுதான், ஆனால் என்ன மீறல்! தில்லைக்கு ‘நாளைப் போவேன்’ என்று நந்தன் சொல்லிக்கொண்டே இருப்பது அதுவரை பக்தனின் தயக்கம். பாரதி கையில் அது பண்ணையாளுக்குக் கிடைக்காத விடுப்பு ஆகிறது. கடைசியில் வேதியர் நந்தன் காலில் விழுகிறார். அதாவது மீட்பு ஆண்டைக்கும் தேவைப்படுகிறது. சமூகம் இந்தக் கதைக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான் என்பேன். ஆனால் தீயைப் பாரதியாலும் அணைக்க முடியவில்லை.

புதுமைப்பித்தன் தன் ‘புதிய நந்தன்’ சிறுகதையில் தீக்குப் பதில் ரயிலை விட்டார். தண்டவாளத்தில் வரும் கிழவனைக் காப்பாற்ற ஓடுகிற இருவரில் ஒருவன் சேரிப் பையன், ஒருவன் பிராமணப் பையன். மூவருமே செத்துப்போகிறார்கள். முக்தி கிடையாது, தோலுரித்த சமத்துவம் மட்டும். கொஞ்சம் அவசர முடிவுதான், இருந்தாலும் பொய் சொல்லாத முடிவு.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலித் மக்களை அழைத்துப் போனார், கக்கனும் கூடப் போனார். யாரும் தீக்குளிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷம் கழித்துத் திரைக்கு வந்த ஜெமினியின் ‘நந்தனா’ரில் தண்டபாணி தேசிகர் உருகிப் பாடுகிறார், தீ அப்படியே இருக்கிறது. கலை சமூகத்துக்கு முன்னால் ஓடும் என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டு தேதிகளையும் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. கும்பகோணத்திலிருந்து திருப்புன்கூர் பக்கம்தான், ஒருநாள் போய் வாருங்கள். அங்குள்ள சிவன் கோயிலில், நந்தன் சிவனைப் பார்க்கட்டும் என்று விலகிய நந்தி இன்றும் சற்றுத் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் அதைக் காட்டி மெய்சிலிர்ப்பார்கள். நந்தன் நின்ற இடத்தையும் கேளுங்கள். நந்தி விலகிய பிறகும் அவன் வெளியில் நின்றுதான் பார்த்தான்.