முதல் உலகப் போரின் நியூபோர்ட் 11 விமானத்தின் இரண்டு அடுக்கு இறக்கைகளில் கீழ் இறக்கை மட்டும் ஏன் அவ்வளவு சின்னது? அதை ஓட்டுவது எப்படி இருந்திருக்கும்?

விமானி கீழே பார்ப்பதற்காகத்தான். கேட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் குஸ்தாவ் டெலாஜ் வடிவமைத்த இந்த விமானத்தின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அந்த ஒரே முடிவிலிருந்து வந்தவை. பால்சா கட்டையில் இதன் ரேடியோ கன்ட்ரோல் மாடல் ஒன்றைச் செய்தபோதுதான் எனக்கே அது உறைத்தது.

இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் கட்டையை ஸ்பார் என்பார்கள். மேல் இறக்கையில் அது இரண்டு, கீழ் இறக்கையில் ஒன்றே ஒன்று. அதனால் கீழ் இறக்கை ஒல்லியாகிவிட்டது, விமானிக்குத் தரை நன்றாகத் தெரிந்தது, எடையும் குறைந்தது. ஆள், பெட்ரோல், துப்பாக்கி எல்லாம் சேர்த்தும் 500 கிலோவைத் தொடாது. இருவர் அமரும் நியூபோர்ட் 10-ஐச் சுருக்கிச் செய்ததால் பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர் 'பேபே', அதாவது குழந்தை.

80 குதிரைத்திறன் லெ ரோன் ரோட்டரி இன்ஜின். இதில் புரொப்பெல்லரோடு சேர்ந்து இன்ஜினே சுழலும். அந்தச் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பினால் மூக்கு கீழே இறங்கப் பார்க்கும், இடப்பக்கம் திரும்பினால் மேலே ஏறப் பார்க்கும். மசகுக்கு ஆமணக்கு எண்ணெய். நம்ம விளக்கெண்ணெய்தான்! எரிந்தது போக மிச்சம் விமானி முகத்தில் தெறிக்கும். அது வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாலில் அசையாத செங்குத்துத் துடுப்பு கிடையாது, முழுக்கத் திரும்பும் சுக்கான் மட்டும்தான். காலை லேசாக அசைத்தாலே மூக்கு திரும்பிவிடும். ஆனால் நேராகப் பறக்க வேண்டுமென்றால் கால் சும்மா இருக்கக் கூடாது. 1916 ஜனவரியில் இது போர்முனைக்கு வந்தபோது, அதுவரை வானத்தை ஆண்டுகொண்டிருந்த ஜெர்மானிய ஃபோக்கர் ஒற்றை இறக்கை விமானம் இறக்கையையே முறுக்கித்தான் சாய்ந்து திரும்பியது. பேபேயின் மேல் இறக்கையில் எய்லரான்கள் (விமானத்தைச் சாய்க்க, பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகைகள்) இருந்தன. சண்டையில் அது பெரிய வித்தியாசம்.

புரொப்பெல்லருக்கு ஊடே சுடும் ஏற்பாடு மட்டும் இதில் இல்லை. அதனால் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியை மேல் இறக்கைக்கு மேலே ஏற்றி, புரொப்பெல்லரைத் தாண்டிச் சுட்டார்கள். ஆரம்பத்தில் ஒரு டிரம்மில், அதாவது வட்டமான குண்டுப் பெட்டியில், 47 குண்டுகள். தீர்ந்தால் பறந்தபடியே கையை மேலே நீட்டி டிரம்மை மாற்ற வேண்டும்.

சரி, கெட்டது என்ன? வேகமாகக் குத்திட்டு இறங்கினால் ஒற்றை ஸ்பார் கீழ் இறக்கை முறுக்கிக்கொள்ளும், சில நேரம் பிய்ந்தும் போகும். இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் 'வி' வடிவக் கம்பத்தின் கூர்முனை கீழ் இறக்கையை ஸ்பாரில் மட்டுமே பிடித்திருந்ததால் முறுக்கைத் தடுக்க எதுவும் இல்லை. இதே அமைப்பை அல்பட்ராஸ் டி.3 விமானத்தில் எடுத்துக்கொண்ட ஜெர்மானியர்கள் வியாதியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். 1917 ஜனவரி 24 அன்று புகழ்பெற்ற ஜெர்மானியப் போர் விமானி ரிக்ட்ஹோஃபனின் அல்பட்ராஸிலேயே கீழ் இறக்கை விரிசல் விட்டது. எப்படியோ தரையிறங்கித் தப்பினார்.

என் மாடலின் கீழ் இறக்கையில் ரகசியமாக இரண்டாவது ஸ்பார் ஒன்று வைத்திருக்கிறேன். டெலாஜ் மன்னிக்கட்டும்.