பட்டவர்களைக் கேளுங்கள்: உணவுக் கோளாறு சிகிச்சை பற்றிக் கேள்வி பதில்

பதினேழு வயதில் அனோரெக்ஸியாவோடு (எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கவைக்கும் மனநோய்) இங்கிலாந்தில் ஒரு வார்டில் ஏழு மாதம் கிடந்தேன். இப்போது ஒன்பது வருடமாக என்.எச்.எஸ். என்ற பிரிட்டன் அரசு மருத்துவ அமைப்பின் ஒரு சேவையில் பட்டறிவுப் பணியாளர். அதாவது, நோயைப் பட்டு மீண்டவள் என்ற தகுதியில், சிகிச்சையை எப்படித் திருத்தலாம் என்று முடிவெடுக்கும் கூட்டங்களில் உட்காருகிறேன். ஒரே வேண்டுகோள்: கேள்வியில் எடை, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் அளவு), கலோரி எண்கள் வேண்டாம். படிக்கும் யாரோ ஒருத்தி அந்த எண்ணைத் தன்னோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

நர்ஸ், பர்மிங்காம்: அக்கா, எங்கள் கிளினிக்கில் நோயாளிகள் குழு ஒன்று தொடங்கச் சொல்கிறார்கள். எதில் ஆரம்பிப்பது?

முதலில் உங்கள் மேனேஜரிடம் ஒன்று கேளுங்கள் தங்கச்சி: இந்தக் குழு சொன்னால் எதையெல்லாம் மாற்றத் தயார்? பதில் இல்லையென்றால் குழுவே வேண்டாம். லீஃப்லெட் அச்சுக்குப் போகும் முந்தின நாள் அனுப்பிக் கருத்துக் கேட்பது கையெழுத்து வாங்குகிற வேலை. முடிவெடுப்பதற்கு முன்னால் கூப்பிடுங்கள்.

ஒரு நல்ல முறை இருக்கிறது. 2005 வாக்கில் லூட்டன் அண்ட் டன்ஸ்டபிள் மருத்துவமனையின் தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் பால் பேட், க்ளென் ராபர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்து பார்த்தது. நோயாளிகள் தங்கள் அனுபவத்தைச் சொல்வதைப் படம் பிடித்தார்கள். பிறகு நோயாளிகளும் ஊழியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து அதைப் பார்த்து, எதை முதலில் சரிசெய்வது என்று சேர்ந்தே முடிவெடுத்தார்கள். உணவுக் கோளாறுக்கும் இது அப்படியே பொருந்தும்.

எங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எடை பார்க்கும் மெஷின் நடைபாதையில், காத்திருப்பவர்களின் நாற்காலிகளுக்கு எதிரே இருந்தது. ஏறினால் அதன் தட்டு 'டக்'கென்று சத்தம் போடும். சத்தம் கேட்டதும் நாற்காலியில் இருக்கும் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். வருடக்கணக்கில் அந்த வழியாக நடந்த ஊழியர்கள் காதில் அது விழவே இல்லை. முதல் கூட்டத்தில் சொன்னோம். மறு வாரம் மெஷின் கதவுள்ள அறைக்குப் போய்விட்டது. ஒரு பென்ஸ் செலவில்லை.

ஒரு அம்மா, ஈஸ்ட் ஹாம்: மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்?

நான் டாக்டர் இல்லை அம்மா. இந்த வாரமே ஜிபியிடம், அதாவது உங்கள் குடும்ப டாக்டரிடம், கூட்டிப்போங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். உணவுக் கோளாறுகளுக்கான 'பீட்' தொண்டு நிறுவனத்தின் உதவி எண்ணில் பெற்றோரும் பேசலாம்.

மாணவர், கார்டிஃப்: கருத்துக் கேட்பதற்கும் சேர்ந்து உருவாக்குவதற்கும் என்ன வித்தியாசம்?

முடிவுகளில் மக்களுக்கு எவ்வளவு பங்கு கிடைக்கிறது என்று ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எழுதிய 'ஏணி' கட்டுரையைத் தேடிப் படியுங்கள். எட்டுப் படி. கருத்துக் கேட்பது நாலாவது படிதான். முடிவில் பங்கு கிடைப்பதெல்லாம் அதற்கு மேலே.

மனநல மருத்துவர், மான்செஸ்டர்: அனோரெக்ஸியாவில் நோயே நோயாளியின் வாயால் பேசும். சிகிச்சை வேண்டாம் என்பதும் ஓர் அறிகுறிதான். அவர்கள் சொல்படி சேவையை அமைப்பது ஆபத்தில்லையா?

பாதி உண்மை டாக்டர். என் வாயாலும் அது பேசியிருக்கிறது. சாப்பிடும்போது பக்கத்தில் நர்ஸ் இருக்கக் கூடாது என்று வார்டில் மனுவே எழுதிக் கொடுத்தேன். இன்று அதே நான், நர்ஸ் கட்டாயம் இருக்கவேண்டும் என்கிறேன். ஆனால் நின்றுகொண்டு நோட்டில் குறிக்காமல், உட்கார்ந்து கூடவே சாப்பிடவேண்டும். இந்த இரண்டாவது வாக்கியம் பட்டவளுக்குத்தான் தெரியும்.

ஒரே ஒருத்தியைக் கூப்பிட்டு அவள் சொன்னபடி ஆடினால் ஆபத்துதான். மீண்டவர், பாதி வழியில் இருப்பவர், புலிமியா (அளவு மீறிச் சாப்பிட்டு வாந்தி போன்ற வழியில் ஈடுகட்டுவது), பிஞ்ச் ஈட்டிங் (கட்டுப்பாடின்றி அளவு மீறிச் சாப்பிடுவது) உள்ளவர், ஆண்கள் எல்லோரும் இருந்தால் நோயின் குரல் எது, குறை எது என்று தானாகப் பிரிந்துவிடும்.

எல்லாப் புகாருக்கும் "நோய் பேசுகிறது" என்று பதில் சொன்னால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பி.எம்.ஐ. போன்ற ஒற்றை அளவை வைத்து சிகிச்சை உண்டா இல்லையா என்று முடிவு செய்யாதீர்கள் என்கிறது. ஆனாலும் பல இடங்களில் "போதுமான அளவு ஒல்லி இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். நோய் திரும்பியபோது அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஹோப் விர்கோ 2018இல் 'டம்ப் தி ஸ்கேல்ஸ்' (எடை மெஷினைத் தூக்கி எறி) இயக்கம் தொடங்கினார். எழுதி வைத்த விதி நடக்கவில்லை என்று வெளியே கொண்டுவந்தது ஒரு நோயாளி.

ஒரு அப்பா, கிராய்டன்: டாக்டர் சொல்வதுதான் சரி. என் மகள் எல்லா அப்பாயின்ட்மென்ட்டிலும் "நல்லா இருக்கேன்" என்றாள். வீட்டில் பார்த்தது நாங்கள். பெற்றோரைக் கேளுங்கள்.

கேட்கத்தான் வேண்டும் அண்ணா. ஏவரில் ஹார்ட் என்ற மாணவி 2012 டிசம்பரில் அனோரெக்ஸியாவால் இறந்தபோது வயது 19. அவள் அப்பா விடாமல் போராடினார். 2017 டிசம்பரில் பொதுமக்கள் புகார்களை விசாரிக்கும் நாடாளுமன்ற, சுகாதார ஆம்புட்ஸ்மன் அறிக்கை வந்தது. அவளைக் கவனித்த ஒவ்வொரு என்.எச்.எஸ். அமைப்பும் ஏதோ ஒரு விதத்தில் தவறியது, அந்தச் சாவைத் தடுத்திருக்கலாம் என்றது. இளம் டாக்டர்களுக்கு உணவுக் கோளாறு பற்றிய பயிற்சியைச் சீர்படுத்தச் சொன்னதும் அதில்தான். பெற்றோரும் பட்டவர்களே. ஆனால் அவர்களுக்குத் தனி நாற்காலி. மகள் நாற்காலியில் உட்காரக் கூடாது.

அதே அப்பா: அப்போது நாங்கள் எதிரிகளா?

இல்லை அண்ணா. கீழே வந்திருக்கும் கேள்வியைப் படியுங்கள், அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

ஹாரோ, 19 வயது: அப்பா இருந்தால் நான் வாயே திறக்கமாட்டேன் அக்கா. அவர் அழுவதைப் பார்க்க முடியாது.

இதற்காகத்தான் எங்கள் சேவையில் இரண்டு குழு. தனித்தனியாகக் கூடுவோம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து உட்காருவோம். முதல் சேர்ந்த கூட்டத்தில் ஒரு தமிழ் அம்மா உணவுத் திட்டத் தாளை மேசையில் வைத்தார். அதில் டோஸ்ட், சீரியல், பாஸ்தா. "எங்க வீட்ல காலையில இட்லி. இதுல எத்தனை டோஸ்ட்டுக்கு எத்தனை இட்லின்னு தினமும் சண்டை" என்றார். எதிரே இருந்த ஒரு பெண், வேறு யாரோ ஒருவர் மகள், தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அந்த மாதமே டயட்டீஷியன் இரண்டு பேரோடும் உட்கார்ந்து இட்லி, சோறு, சப்பாத்தி எல்லாம் உள்ள தாள் போட்டார். எதிரிகளாக இருந்தால் இது நடந்திருக்குமா அண்ணா?

லெஸ்டர்: என் தங்கையின் பி.எம்.ஐ. இப்போது...

எண்ணை எடுத்துவிட்டேன். மேலே சொல்லியிருக்கிறேன். தங்கையை ஜிபியிடம் கூட்டிப்போங்கள்.

ஸ்லவ்: கூட்டத்துக்கு வருபவர்களுக்குப் பணம் கொடுக்கவேண்டுமா? ஆர்வத்தில் வருகிறார்களே?

கொடுக்கவேண்டும். அந்த அறையில் சம்பளம் இல்லாமல் உட்காரும் ஒரே ஆள் நோயாளியாக இருக்கக் கூடாது. அரசு உதவித்தொகை வாங்குகிறவர் என்றால், இந்தப் பணத்தால் அது பாதிக்குமா என்று முதலிலேயே விசாரித்துச் சொல்லுங்கள்.

ஹாரோ, 19 வயது: ஆறு மாதமாக நன்றாக இருக்கிறேன். நர்ஸ்களுக்கான பயிற்சியில் என் கதையைச் சொல்லக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

அவசரமே இல்லைம்மா. அந்தக் கதை உன்னுடையது, அடுத்த வருடமும் இருக்கும். போவதென்றால் எடை சொல்லாதே, அப்போதைய போட்டோ காட்டாதே. எத்தனை நாள் சாப்பிடவில்லை என்றும் சொல்லாதே. கேட்டால் "அது வேண்டாமே" என்று சொல்லிவிடு. உனக்கு எது உதவியது, எது வலித்தது என்பது போதும். கூட ஒருவர் வரட்டும், அன்று ராத்திரி ஒருவர் போன் செய்யட்டும். வாசல் வரை போய்த் திரும்பி வந்தாலும் தப்பில்லை.

சென்னை: இங்கே இதெல்லாம் நடக்குமா?

சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் மனநோய் அனுபவம் உள்ளவர்களின் பிரதிநிதிகள் இருவர், பராமரிப்பவர்களின் பிரதிநிதிகள் இருவர் இருக்கவேண்டும். அந்த நாற்காலிகளில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

சௌத்தால்: பசி எடுக்க டானிக் ஏதாவது...

ஜிபி. ஈஸ்ட் ஹாம் அம்மாவுக்குச் சொன்னதுதான்.

நர்ஸ், பர்மிங்காம்: அக்கா, மேனேஜர் ஒத்துக்கொண்டார்! முதல் கூட்டம் செவ்வாய் பத்தரைக்கு. வேறு ஏதாவது?

ரொம்ப சந்தோஷம். ஆனால் பத்தரை வேண்டாம். உணவுத் திட்டத்தில் இருக்கும் பலருக்கு அது சிற்றுண்டி நேரம். மதியம் இரண்டுக்கு வையுங்கள். மேசை நடுவில் பிஸ்கட் தட்டு வைப்பீர்கள் என்றால், "ஐயோ, நான் டயட்" என்று யாரும் சொல்லக் கூடாது என்று ஊழியர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.